முந்நூறு கிராம் ஓட்ஸ்

அக்காவுக்கு,

முதல் வேலையாக ஒன்று செய். சென்ற மாதம் நான் எழுதி அனுப்பிய ஓட்ஸ் ட்ரேயின் அளவு அட்டையை நீ ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருப்பாய். அதை எடுத்துக் கிழித்துப் போடு. கிழித்த பிறகு மேலே படி. சரியான அளவு இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேராக அங்கே தாவிவிடாதே. அளவு ஏன் மாறியது என்று தெரியாவிட்டால், என் மேல் உனக்கு வர வேண்டிய கோபம் முழுதாக வராது. அது நியாயமில்லை.

நீ அந்த அட்டைப்படியே செய்ததாகவும், அது கட்டியாகாமல் போய் மாமா டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லிக் குடித்ததாகவும் எழுதியிருந்தாய். நான் எழுதிய பதிலும் எனக்கு நினைவிருக்கிறது. பால் தண்ணீராக இருந்திருக்கும், ஓட்ஸ் பழையதாக இருந்திருக்கும், நீ அவசரப்பட்டு வெளியே எடுத்திருப்பாய் என்று மூன்று காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தேன். மூன்றும் தப்பு. உன் பால் நல்ல பால், உன் ஓட்ஸ் நல்ல ஓட்ஸ். நீ அவசரக்காரிதான், ஆனால் இந்த விஷயத்தில் உன் மேல் பழியில்லை.

நடந்ததை நாள் வாரியாக எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பின்கதை.

உன் தம்பி பெண்டாட்டி, அதாவது என் வீட்டுக்காரி, வேலை பார்க்கும் இடம் உனக்குத் தெரியும். நர்ஸிங் படிக்கும் பெண்கள் தங்கும் விடுதி, அறுபது பேர். ஆறு வருஷமாக அங்கே காய் நறுக்குகிறாள். காலைச் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா போன மாதம் மகன் வீட்டோடு போய்விட்டதால் அந்த இடம் காலியானது. காலைச் சமையலறைப் பொறுப்பு என்றால் ஸ்டோர் சாவி கைக்கு வரும். என்ன சமைப்பது என்று சொல்லும் வாயும் வரும். இவளுக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

அங்கே காலையில் ஓட்ஸ் கஞ்சி. பெண்கள் ஆறேகால் மணிக்கு ஆஸ்பத்திரி வேன் ஏற வேண்டும். உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்க நேரமில்லாமல் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு ஓடுவார்கள். ஒரு நாள் பத்து மணிக்கு ஒரு பெண் வார்டிலேயே மயங்கிச் சாய, படுத்திருந்த நோயாளி எழுந்து அவளுக்குக் கட்டில் கொடுத்தாராம். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் இவளுக்கு யோசனை தோன்றியது. அதே ஓட்ஸ், அதே பால். பழமும் பருப்பும் முட்டையும் சேர்த்து ட்ரேயில் கொட்டி ஓவனில் வைத்து, துண்டு போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் என்ன?

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே செலவழித்தாள். முதல் தடவை செங்கல். இரண்டாவது தடவை வாழைப்பழம் கூடிப்போய்ப் பிசின் மாதிரி ஒட்டியது. ஆப்பிளைத் துருவிப் பார்த்தாள், நீர் விட்டது; சிறு துண்டாக நறுக்கிப் பார்த்தாள், சரியாக நின்றது. வால்நட்டை முன்கூட்டியே லேசாக வறுத்துக்கொண்டால் கசப்பு போகிறது என்று கண்டுபிடித்தாள். எட்டாவது வாரம் நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தே தின்று தீர்த்தேன். சட்டையில் ஒரு பருக்கை சிந்தவில்லை. அன்று மாலை அவள் ஒவ்வொன்றாக நிறுத்துச் சொல்ல, நான் என் அழகான கையெழுத்தில் அட்டை எழுதினேன். ஓட்ஸ் முந்நூறு கிராம், பால் தொள்ளாயிரம் மில்லி, முட்டை மூன்று என்று போகும். உனக்கு வந்தது அதன் நகல்.

இந்த இடத்தில் நம் வாலு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு கிலோ ஓட்ஸ் வாங்கினால், முந்நூறு வீதம் மூன்று ட்ரே போட்டு நூறு கிராம் மிஞ்ச வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டரை ட்ரேயிலேயே டப்பா காலி. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"வாலு, டப்பாவைத் திறந்து சும்மா அள்ளி வாயில போடறியா?"

"பச்சை ஓட்ஸையா? நான் என்ன குதிரையாப்பா?"

"பின்ன எங்க போகுது?"

"கடைக்காரர் குறைச்சுப் போட்டிருப்பார்."

"அந்தக் கடைத் தராசுல என் ஸ்டிக்கர் இருக்கு. ஒரு கிராம் குறையாது."

"அப்ப குதிரை நான்தான்," என்று சொல்லி, வாசற்படியில் நின்று ஒரு தடவை கனைத்துக் காட்டிவிட்டு ஸ்கூலுக்குப் போனாள். அதற்கப்புறம் ஒரு மாதம் ஓட்ஸ் டப்பா குறையும்போதெல்லாம் வீட்டில் கனைப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்தக் கணக்கை அங்கேயே பிடித்து இழுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

நான் தராசு பழுது பார்க்கிறவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடை, ஆஸ்பத்திரி, அரைவை மில் என்று நூற்றுப்பத்து மெஷின்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை எடைக்கல் வைத்துச் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவேன். தப்பாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். "பழுது, பயன்படுத்தக் கூடாது" என்று இருக்கும். விடுதிச் சமையலறை மெஷினிலும் பச்சை ஒட்டியது நான்தான். உன் வீட்டுத் தராசும் நான் பார்த்துக் கொடுத்ததுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

இனி புதன்கிழமை.

விடுதி வார்டன் அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசுவதற்கு முன் கையிலிருக்கும் பேனாவை மூடி வைப்பார். இவள் போய்க் கேட்டபோதும் பேனாவை மூடிவிட்டு, "கையில எடுத்துட்டுப் போற மாதிரி நிக்கணும். வேன்ல சிந்தக் கூடாது. புதன்கிழமை பத்து ட்ரே போட்டுக் காட்டு" என்றிருக்கிறார். பத்து ட்ரே என்றால் எல்லாவற்றையும் பத்தால் பெருக்க வேண்டியதுதான். ஓட்ஸ் மூன்று கிலோ, பால் ஒன்பது லிட்டர், முட்டை முப்பது. அட்டையை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, விடுதி மெஷினில் நிறுத்து, கலந்து, ட்ரேக்களில் கொட்டியிருக்கிறாள். கொட்டியதும் கை நின்றுவிட்டதாம்.

கூட வேலை செய்யும் பெண்ணை அங்கே எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டாம். ரேடியோ கேட்டிருக்கிறாள்:

"ஏன்க்கா நிக்கறீங்க? நேரமாகுது."

"ஓட்ஸ் கம்மியா தெரியுதுடி. பால் மேல நிக்குது."

"மூணு கிலோ நிறுத்ததை நானே பாத்தேன். மெஷின்ல உங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேற இருக்கு. அவர் கையெழுத்தையே நம்ப மாட்டீங்களா? வீட்ல போய்ச் சொல்லட்டுமா?"

இன்னொரு படி ஓட்ஸ் அள்ளப் போன கையை இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நாற்பத்தைந்து நிமிஷத்தில் கட்டியாகவில்லை. இன்னும் பத்து நிமிஷம் வைத்தாள். மேலே சிவந்தது, கீழே தளும்பியது. கத்தி போட்டால் போட்ட கோடு தானாக மூடிக்கொண்டதாம். அறுபது பெண்கள் வரிசையில் நிற்க, வார்டன் அம்மா ஸ்பூனை விட்டுத் தூக்கிப் பார்த்தார். "பழைய கஞ்சிதான். மேல ஒரு தோல் போட்டிருக்கு," என்றார். பேனா ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "சனிக்கிழமை இன்னொரு தடவை பாரு. அதுலயும் நிக்கலைன்னா வெளியிலிருந்து ஆள் பாக்கறேன். நீ காய் பக்கம் நல்லாத்தானே பாத்துக்கறே."

கடைசி வாக்கியம்தான் இவளைக் குத்தியது. வீட்டுக்கு வந்து அழவில்லை, புலம்பவில்லை. கழுவி வைத்திருந்த ட்ரேயை எடுத்து மறுபடி தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னேன். என் ஆறுதல் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"பெரிய அளவுல வாங்கற பால் தண்ணியாத்தான் இருக்கும். ஓட்ஸும் மூட்டையில கிடந்த பழசு. இல்லைன்னா ஓவன்..."

தேய்ப்பதை நிறுத்தினாள். "இதையேதான் அண்ணிக்கும் எழுதினீங்க."

"அது வேற, இது வேற."

"ரெண்டு ஊரு, ரெண்டு ஓவன், ரெண்டு மாட்டுப் பால். ரெண்டும் ஒரே மாதிரி தண்ணியா நிக்குமா?"

"நிக்கலாம். உலகத்துல எவ்வளவோ நடக்குது."

என்னை ஒரு பார்வை பார்த்தாள், மெஷினில் நான் பழுதைத் தேடும்போது பார்ப்பேனே, அதுமாதிரி. பிறகு ட்ரேயைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை விடுதி மூட்டையிலிருந்து ஒரு கிலோ ஓட்ஸும், விடுதிக்கு வரும் பாலில் ஒரு லிட்டரும் வார்டன் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். நம் வீட்டுத் தராசில் அட்டைப்படி நிறுத்து, நம் வீட்டு ஓவனில் வைத்தாள். அக்கா, அது வழக்கத்தை விட நன்றாக வந்தது. வாலு இரண்டு துண்டு தின்றுவிட்டு, மூன்றாவதை ஸ்கூலுக்குத் தாளில் சுற்றிக்கொண்டாள்.

"பால் தண்ணி இல்ல. ஓட்ஸ் பழசு இல்ல," என்றாள் இவள்.

"அப்படின்னா ஓவன்தான். நான்தான் சொன்னேனே," என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

"அண்ணி வீட்டு ஓவனுமா?"

நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். இவள் பையிலிருந்து மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்து மேடையில் வைத்தாள்.

"இதுல என்ன இருக்கு சொல்லுங்க."

திறந்து பார்த்தேன். "ஓட்ஸ்."

"எவ்வளவு?"

"பார்த்தா எப்படித் தெரியும்?"

"முந்நூறு கிராம். விடுதியில, நீங்க பச்சை ஒட்டின மெஷின்ல, நானே நிறுத்து எடுத்துட்டு வந்தேன். ரேடியோ சாட்சி. இப்ப இதை நம்ம தராசுல கொட்டுங்க."

காலிக் கிண்ணத்தை வைத்தேன். சுழியம் காட்டியது. கொட்டினேன். இருநூற்று இருபத்தைந்து.

"டப்பாவுல மூடி சரியில்ல, வழியில கொட்டியிருக்கும்," என்றேன். சொன்னேன் அக்கா, மறைக்கவில்லை. அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

"எழுபத்தஞ்சு கிராமும் என் பையில கொட்டியிருக்கா? பையை உதறிப் பாருங்க."

பையை உதறிப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து எடைக்கல் பெட்டியை எடுத்தேன். அந்தப் பெட்டியை நான் ஊரில் எத்தனையோ மேஜைகளில் திறந்திருக்கிறேன். திறக்கும்போது கடைக்காரர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். அன்று என் முகம் எப்படி ஆனது என்று கேட்டால் இவள்தான் சொல்ல வேண்டும். இருநூறு கிராம் கல்லை வைத்தேன். நூற்றைம்பது. ஐந்நூறு கிராம் கல்லை வைத்தேன். முந்நூற்று எழுபத்தைந்து. நூற்றுக்கு இருபத்தைந்து குறைவு. நான் பார்த்த நூற்றுப்பத்து மெஷின்களில் இவ்வளவு மோசமானது ஒன்றுகூடக் கிடையாது.

காரணம் உடனே நினைவுக்கு வந்தது. இந்தத் தராசை மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வாங்கி, உள்ளே சென்சார் புதிதாக மாற்றினேன். கடைசியாகக் கல் வைத்து அளவு திருத்துவது மட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் மாமாவும் வந்து இறங்கினீர்கள். அப்புறம் பார்க்கலாம் என்று சமையல் மேடையில் வைத்தேன். இரண்டு வருஷமாக அப்புறமே வரவில்லை. காலியாக வைத்தால் சுழியம் சரியாகக் காட்டியது. அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். சுழியம் சரி என்றால் மெஷினே சரி என்று நினைக்கும் கடைக்காரர்களை நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன் தெரியுமா?

ஆக, இவள் வீட்டில் முந்நூறு என்று நிறுத்த ஒவ்வொரு தடவையும் ட்ரேயில் விழுந்தது நானூறு. பாலை அளவு ஜாடியில் அளந்தோம், முட்டையை எண்ணிப் போட்டோம், அவை இரண்டும் சரி. நானூறு கிராம் ஓட்ஸுக்குப் பொருத்தமான பாலை, சரியான தராசு உள்ள இடத்தில் முந்நூறு கிராமில் கொட்டினால் எப்படி நிற்கும்? உன் வீட்டுத் தராசு சரியாக இருந்ததால்தான் உன் ட்ரே கெட்டது. விடுதியிலும் அதேதான். ஒரு கிலோ இரண்டரை ட்ரேயில் தீர்ந்ததும் இதனால்தான். என் மகள் குதிரையல்ல.

இவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வாலு ஓடி வந்து விஷயத்தைக் கேட்டு அவளும் உட்கார்ந்தாள். நான் மட்டும் எடைக்கல்லோடு நின்றேன்.

"ஊர்ல இருக்கற தராசையெல்லாம் சந்தேகப்பட்டீங்க. பெத்த பொண்ணைச் சந்தேகப்பட்டீங்க," என்றாள் இவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு சிரிப்பு நின்றது. "புதன்கிழமை என் கைக்குத் தெரிஞ்சுது. உங்க கையெழுத்தைப் பார்த்துட்டு விட்டுட்டேன்."

"அந்த மெஷின்ல இருக்கற கையெழுத்து சரிதான். அட்டைதான் தப்பு."

"அட்டையும் உங்க கையெழுத்துதான்."

அதற்கு என்னிடம் ஸ்டிக்கர் எதுவும் இல்லை.

"இப்பவே திருத்திடறேன். பத்து நிமிஷ வேலை," என்று ஸ்குரூடிரைவரைத் தேடினேன்.

"தொடாதீங்க. நாளைக்கு முடியற வரைக்கும் அது இப்படியே இருக்கட்டும். பருப்பு, சர்க்கரை எல்லாம் இதுலதான் நிறுத்தேன். இதோட பொய்யை வச்சுத்தான் நிஜத்தைப் பிடிக்கணும்."

என்ன செய்தாள் தெரியுமா? அட்டையில் இருப்பதையெல்லாம் அதே பொய்த் தராசில் நிறுத்துத் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி, வெளியே பெயர் எழுதி வைத்தாள். காலையில் அவற்றை விடுதி மெஷினில் வைத்து உண்மையான எடையைப் படித்துக்கொள்ளலாம். நான் நூற்றுக்கு இருபத்தைந்து, மூன்றில் ஒரு பங்கு கூட்டு என்று தாளில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் டப்பாக்களை அடுக்கி முடித்துவிட்டாள். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பழுதை இப்படி ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் ஓட்ஸ், பிறகு பால், பிறகு மெஷின். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் வாலு. எழுதிக் கொடுத்தேன், தேதியோடு. அது போதாது என்று என் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினாள். "ஒட்டுங்கப்பா. கையெழுத்தும் போடுங்க." என் வீட்டு மெஷினில் நானே சிவப்பு ஒட்டி, கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நான் வர வேண்டாம் என்றுதான் இவள் சொன்னாள்.

"புருஷனைக் கூட்டிட்டு வந்து சாக்கு சொல்றான்னு ஆயிடும்."

"சாக்கு உன்னோடதுன்னா நீ சொல்லலாம். தப்பு என்னோடது. நான்தான் சொல்லணும்."

எடைக்கல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் என் தொழில் என்ன ஆகும் என்ற நினைப்பு வராமல் இல்லை. ரேடியோ இருக்கும் இடத்தில் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி. ஆனால் இவள் பக்கத்தில் டப்பாப் பையை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

வார்டன் அம்மா சமையலறையிலேயே இருந்தார். சொன்னேன்.

"புதன்கிழமை தப்பு இவ கையில இல்லைங்க. எங்க வீட்டுத் தராசு கால்வாசி குறைச்சுக் காட்டிச்சு. அதைப் பார்க்காம நான்தான் அட்டை எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்டுபிடிச்சதும் இவதான்."

அவர் பேனாவை மூடினார். "உங்க வீட்லயா?"

"ஆமாங்க."

"அப்ப இது?" என்று தன் சமையலறை மெஷினைக் காட்டினார். பச்சை ஸ்டிக்கரில் என் கையெழுத்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தேன். இருநூறு, ஐந்நூறு, ஒரு கிலோ, இரண்டு கிலோ. ஒவ்வொரு கல்லுக்கும் எண் அப்படியே நின்றது. ரேடியோ ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தாள். கடைசியில், "பரவாயில்ல, வீட்டை விட்டு வெளிய வந்தா நல்லா வேலை பாக்கறார்," என்றாள். வார்டன் அம்மாவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "சரி. இனி அவ வேலை. நீங்க வெளியில நில்லுங்க."

பரிமாறும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவள் வேலை செய்வதை நான் அதற்கு முன் அங்கே பார்த்ததில்லை. டப்பாக்களை ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தாள். ஓட்ஸ் நானூறு, பருப்பு நூற்றிருபது, சர்க்கரை நூறு. ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு பத்தால் பெருக்கினாள். நான்கு கிலோ ஓட்ஸ். ரேடியோ முப்பது முட்டைகளை உடைக்க, இவள் இருபது ஆப்பிளை நறுக்கினாள். ஆறு வருஷக் கத்திக்கு அது ஒரு வேலையா? துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. வாழைப்பழத்தை மசித்து, பாலில் கலந்து, பட்டைத்தூள் போட்டபோது வாசனை ஜன்னலுக்கு வந்தது. ட்ரேயில் கொட்டியதும் இந்தத் தடவையும் கையை வைத்துப் பார்த்தாள். என் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு. சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நாற்பத்தைந்து நிமிஷம். முதல் ட்ரேயை வெளியே எடுத்ததும் ரேடியோ கத்தியோடு வந்தாள். "பத்து நிமிஷம் ஆறட்டும்," என்றாள் இவள், யாரைப் பார்த்தும் பயமில்லாத குரலில். வார்டன் அம்மாவும் அந்தப் பத்து நிமிஷம் காத்திருந்தார். கத்தி போட்டார்கள். கோடு கோடாகவே நின்றது. ஒரு ட்ரேக்குப் பதினைந்து துண்டு.

வார்டன் அம்மா ஒரு துண்டைத் தாளில்கூட வைக்காமல் விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். ஆட்டிப் பார்த்தார். பிறகு வேன் நிற்கும் கேட் வரைக்கும் வேகமாக நடந்தார், பெண்கள் ஓடுவார்களே அந்த வேகத்தில். திரும்பி வரும்போது கையில் பாதித் துண்டுதான் இருந்தது. வந்த வழியைக் குனிந்து பார்த்தார். தரையில் எதுவும் இல்லை. மீதிப் பாதியை நின்றபடியே தின்று முடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கட்கிழமை வந்ததும் ஸ்டோர் சாவியை வாங்கிக்கோ," என்றார். "அளவை எழுதி இந்தச் சுவத்துல ஒட்டு. நீ இல்லாத நாள்லயும் இப்படியே வரணும்."

பெண்கள் ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வேன் டிரைவர் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கினார். கிளம்பிய வேன் கேட்டில் நின்றது, ஒரு பெண் இறங்கி ஓடி வந்து, "அக்கா, இன்னொண்ணு. பத்து மணிக்கு வேணும்," என்று வாங்கிக்கொண்டு போனாள். அன்று வார்டில் மயங்கிச் சாய்ந்தது அந்தப் பெண்தான் என்று ரேடியோ ஜன்னல் வழியாகச் சொன்னாள். இவள் அடுத்த ட்ரேயைத் துண்டு போட்டாள். ஆனால் காது சிவந்திருந்தது.

ஒரு விஷயம், அக்கா. ஆறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இவளுக்குத் தராசுக்காரர் சம்சாரம் என்றுதான் பெயர். நான் பெட்டியோடு வெளியே வரும்போது வாட்ச்மேன் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினார். "நீங்கதான் இந்த ட்ரே அம்மாவோட வீட்டுக்காரரா?"

"ஆமாங்க," என்றேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் எடைக்கல் பெட்டி கனக்கவே இல்லை.

சாயங்காலம் சுவரில் ஒட்டுவதற்கான அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தேன். இவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். "நானே எழுதறேன்." எழுதினாள். அவள் எழுத்து கொஞ்சம் சாய்வாகத்தான் போகும். கீழே தேதி போட்டு, தன் கையெழுத்தைப் போட்டாள். என் ஸ்டிக்கரில் அடுத்த சோதனைத் தேதி என்று ஒரு வரி இருக்குமே, அதற்கும் இடம் விட வேண்டாமா என்று வாலு கேட்டதற்கு, "எதுக்கு?" என்றாள்.

இப்போது விடுதிச் சுவரில் என் பச்சை ஸ்டிக்கருக்கு நேர் மேலே அவள் அட்டை இருக்கிறது. உனக்கு அதன் நகலைக் கீழே எழுதுகிறேன். எழுதியது நான் என்றாலும் அவள் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்துவிட்டாள்.

ஒரு ட்ரேக்குப் பெரிய தட்டை ஓட்ஸ் நானூறு கிராம். பால் தொள்ளாயிரம் மில்லி, முட்டை மூன்று. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் இரண்டு மசித்து, ஆப்பிள் இரண்டு சிறு துண்டாக நறுக்கி. வறுத்த வால்நட்டும் பாதாமும் சேர்த்து நூற்றிருபது, பழுப்புச் சர்க்கரை நூறு, உலர்திராட்சை ஒரு கைப்பிடி. பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், பட்டைத்தூள் ஒன்று, உப்பு ஒரு சிட்டிகை. ட்ரேயில் வெண்ணெய் தடவ மறக்காதே. நூற்றெண்பது டிகிரியில் நாற்பத்தைந்து நிமிஷம். வெளியே எடுத்ததும் பத்து நிமிஷம் தொடாதே, மாமாவையும் தொடவிடாதே.

வீட்டுத் தராசை நான் இன்னும் திருத்தவில்லை. சிவப்பு ஸ்டிக்கரோடு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, யாராவது வந்தால் வாலு எடுத்துக் காட்டுவதற்கு. இவள் அதை அங்கிருந்து நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீ அடுத்த தடவை வந்து இறங்கும்போது உன் கண்ணிலும் படும். அதற்கு வேண்டிய கேலியை இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

காலை நாலு மணிக்கு மேல் வந்தால் இவள் வீட்டில் இருக்க மாட்டாள். ஸ்டோர் சாவி இப்போது அவளிடம்தான், அவளைப் பார்க்க விடுதிக்குத்தான் போக வேண்டும்.

உன் தம்பி